நடைபாதையில் ஒரு தலைக்கணக்கு
பம்பாய் ஏழைகள் நகரத்தில் இடம் கேட்ட கதை – பகுதி 4

1985 ஜூலை 10. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் மறுநாள் ஓய்வு பெறவிருந்தார். ஏழாண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர். அவரைவிட நீண்ட காலம் அதில் அமர்ந்தவர் இன்றுவரை எவருமில்லை.

விடைபெறும் நேரத்தில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் சார்பில் அவர் ஒரு தீர்ப்பு வழங்கினார். ‘ஒல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி’ என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம். ஆகவே அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பின் முன்பாதி இது. நடைபாதையில் குடியிருந்தவர்களின் தலைவிதியைத் தீர்மானித்தது பின்பாதி. அதன்படி, மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, அவர்களை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது.

அதற்குப் பிறகு அப்புறப்படுத்தலாம்.

* * *

சென்ற பகுதிகளில் ஜனதா காலனியின் கதை முடிந்தது. நகரத்தின் நடுப்பகுதியிலிருந்து மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய மக்களால் உருவானது மான்குர்த் பகுதியில் இருந்த அந்தக் குடியிருப்பு. அருகே வளர்ந்துகொண்டிருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. சுமார் 70,000 பேர் வாழ்ந்த இடம். கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், அங்கே குழந்தைகளைச் சேர்த்துப் பாட்டுக் குழு நடத்தி, குப்பை அள்ளி, கடைசியில் ஒரு மக்கள் தலைவராக உருவெடுத்தார். வழக்கு, ஊர்வலம், டெல்லிப் பயணம் என்று பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்ட வெளியேற்றம், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் நடந்தேறியது. மக்கள் டிராம்பேயின் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தப் போராட்டம் விட்டுச்சென்றவற்றில் முக்கியமானது, ஜோக்கின் 1970-களின் நடுவில் உருவாக்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு. இடிப்பு வண்டி வரும்போது திரள்வது, அது போனதும் கலைவது என்பது அன்றைய குடிசைச் சங்கங்களின் பொது வழக்கம். தலைமையில் ஆண்கள், கூட்டத்தின் முன்வரிசையில் அடிவாங்கப் பெண்கள். ஜோக்கினே பின்னாளில் ஒப்புக்கொண்ட குறை இது.

இந்த வாரக் கதை நடப்பது ஜனதா காலனியைவிடவும் கீழான ஓர் இடத்தில். குடிசைக்காரருக்கு ஒரு துண்டு நிலமாவது காலடியில் இருந்தது. நடைபாதைக்காரருக்கு அதுவும் இல்லை.

* * *

வழக்கின் விதை 1981 ஜூலை 13 அன்று விழுந்தது. மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பம்பாய் நடைபாதைகளில் வாழ்பவர்கள் வலுக்கட்டாயமாக அகற்றப்படுவார்கள். அவரவர் சொந்த ஊருக்கோ, நகருக்கு வெளியிலோ அனுப்பப்படுவார்கள். பம்பாயில் ஜூலை என்பது கொட்டும் மழை. அந்த மழையில்தான் வேலை தொடங்கியது.

தீர்ப்பின் பக்கங்களில் ஒரு மனுதாரரின் கதை சில வரிகளில் வருகிறது. சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. வறட்சியில் வேலை போய், 1961-இல் பம்பாய்க்கு வந்தார். தகிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு தங்குமிடத்துக்காக, அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த தாதா ஒருவர் அவரிடம் கறந்தது 2,500 ரூபாய். நூறு நாளைக்கு மேற்பட்ட கூலி அது. நடைபாதைக்காரர்கள் காசு கொடுக்காமல் ஊரான் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பேசுவோர் இந்தத் தொகையைக் கவனிப்பதில்லை.

1981 ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் அந்தத் தங்குமிடத்தைப் பிரித்துப் போட்டார்கள். குடும்பத்தையே சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றினார்கள். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடி மறுபடி பம்பாய்க்கு வந்தார்; இன்னொரு நடைபாதை வீட்டில் புகுந்தார்.

அரசின் திட்டம் ஏன் பலிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. பேருந்தில் ஏற்றி மனிதர்களை மட்டுமே அனுப்ப முடியும். அவர்களை வரவழைத்த வறட்சியையும் வேலையின்மையையும் எந்தப் பேருந்திலும் ஏற்ற முடியாது.

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முதலில் மனு போடப்பட்டது. அங்கே மனுதாரர்கள் தரப்பில், நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை எதையும் கோரவில்லை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 1981 அக்டோபர் 15-க்குள் காலி செய்துவிடுவதாகவும், அதன்பின் இடிப்பைத் தடுப்பதில்லை என்றும் உறுதிமொழி தரப்பட்டது. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டியது.

பத்திரிகையாளர் ஒல்கா டெல்லிஸ், குடிமை உரிமை அமைப்புகள், வில்லே பார்லேயில் நெடுஞ்சாலை ஓரம் இருந்த காமராஜ் நகர்க் குடியிருப்பினர் எனப் பலரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதை இங்கே மறுத்துப் பேச முடியுமா என்று மாநகராட்சி கேட்டது. அடிப்படை உரிமையை யாரும் வாய்வார்த்தையால் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று நீதிபதிகள் அந்தக் கேள்வியை ஒதுக்கினார்கள். இடைக்காலத் தடை வந்தது. நான்கு மழைக்காலங்கள் கடந்தன.

* * *

தீர்ப்பை நிதானமாகப் படித்தால் அது இரு மனதாக எழுதப்பட்டது போலவே தோன்றும்.

ஒரு பக்கம், நடைபாதையில் வாழ்பவர்கள் வேறு வழியின்றித்தான் அங்கே வாழ்கிறார்கள், வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் உயிர் இல்லை என்ற வாதத்தை நீதிமன்றம் முழுவதுமாக ஏற்றது. மறுபக்கம், நடைபாதை நடப்பவர்களுக்கானது. அதை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை என்றது. முன்னறிவிப்பின்றி அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தரும் 1888-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆவது பிரிவும் செல்லும். ஆனால் அந்த அதிகாரம் விதிவிலக்காகவே பயன்பட வேண்டும். பொதுவாக நோட்டீஸ் கொடுத்து, சொல்வதைக் கேட்டபிறகே அகற்ற வேண்டும்.

அப்படியானால் இந்த மனுதாரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா? இல்லை. அதற்கு நீதிமன்றம் கண்ட பதில் விசித்திரமானது. ஆணையர் கேட்கத் தவறியதை நாங்களே விரிவாகக் கேட்டுவிட்டோம், ஆகவே இனிப் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை என்றது.

1976-இல் அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மால்வணியிலோ வேறு வசதியான இடத்திலோ மாற்று மனை தரப்பட வேண்டும். ஆனால் அதைத் தந்தபிறகுதான் அகற்ற வேண்டும் என்ற கட்டாயமில்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த குடிசைப் பகுதிகளைப் பொதுத் தேவைக்கன்றி அகற்றக் கூடாது. இப்படிச் சில சலுகைகள். மால்வணி நகரின் வடமேற்குக் கோடியில் கிடக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர் அங்கே போய்க் குடியேறினால் ரயில் கட்டணமே கூலியில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும்.

அந்த அமர்வில் ஜோலார்பேட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.வரதராஜனும் இருந்தார். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி அவர். அடுத்த மாதமே அவரும் ஓய்வு பெற்றார். தீர்ப்பு ஒருமனதானது; தனிக் குறிப்பு எதையும் யாரும் எழுதவில்லை.

வழக்கறிஞர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் அது வெற்றி. உலக நாடுகளின் நீதிமன்றங்கள் பின்னாளில் அதை மேற்கோள் காட்டின. பைகுல்லாவின் நடைபாதையில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இன்னும் மூன்றரை மாதம்.

* * *

பைகுல்லா, மஸ்காவ், நாக்பாடா ஆகியவை பம்பாய் மாநகராட்சியின் ஈ வார்டு. கிழக்கே துறைமுகம். சுற்றிலும் மொத்தச் சந்தைகள், பட்டறைகள், பழைய துணிமில்கள். சோபியா ஜுபேர் சாலை, திம்திம்கர் சாலை, வாட்டர் தெரு ஆகியவற்றின் ஓரங்களில், கட்டடச் சுவரில் சாய்த்த மூங்கில், அதன்மேல் சாக்கு, தார்ப்பாய் என்று நீண்ட வரிசைகள். கதவைத் திறந்தால் வண்டிச் சத்தம். பின்னால் யாரோ ஒருவருடைய சுற்றுச்சுவர்.

அங்கே ஏன் வாழ்ந்தார்கள் என்பதற்கு விடை அந்த வார்டின் வரைபடத்திலேயே இருக்கிறது. கைவண்டி இழுப்பவர், மூட்டை தூக்குபவர், சந்தையில் காய்கறி பொறுக்கி விற்பவர், அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்ப்பவர், பழைய துணிக்குப் பாத்திரம் மாற்றுபவர் ஆகிய எல்லாருக்கும் வேலை நடந்து போகும் தூரத்தில். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். மில்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. நிரந்தர வேலை சுருங்கச் சுருங்க, கிடைத்ததைச் செய்யும் அன்றாடக் கூலி பெருகியது. அன்றாடக் கூலிக்காரருக்கு அதிகாலையில் வேலை பிரிக்கும் இடத்தில் நிற்பது முக்கியம்.

விலை மட்டும் மலிவாக இல்லை. குழாய் இணைப்பு கிடையாது. அருகிலுள்ள கட்டடங்களில் கெஞ்சியோ காசு கொடுத்தோ தண்ணீர். முகவரி இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை. அதனால் அரிசியும் மண்ணெண்ணெயும் வெளிச்சந்தை விலையில். அக்கம்பக்கத்தில் திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் வருவதும் இங்கேதான். அவ்வப்போது மாநகராட்சி வண்டி வந்து குடிசையோடு பாத்திரத்தையும் படுக்கையையும் அள்ளிப்போகும். மூன்றாம் நாள் அதே இடத்தில் புதுச் சாக்கு தொங்கும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிய பாத்திரத்தின் விலையைக் கூட்டினால், நடைபாதையில் வாழ்வது பம்பாயின் மலிவான குடியிருப்பு அல்ல என்பது புரியும்.

* * *

1984-இல் ஷீலா பட்டேலும் அவருடைய தோழர்கள் சிலரும் ‘ஸ்பார்க்’ என்ற சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்குமுன் நாக்பாடாவில் ஒரு சமூகநல நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். குழந்தைக்குப் பால், பெண்ணுக்குத் தையல் என்று கொடுத்துக்கொண்டே போகும் நலப்பணி, நடைபாதையின் விளிம்பில் போய் நின்றுவிடுவதை அவர்கள் அங்கே கண்டிருந்தார்கள். பயனாளி மாலையில் வீடு திரும்பும்போது வீடே இருக்காது என்றால் தையல் மெஷினை எங்கே வைப்பது?

பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகம் ஒன்றின் பின்னால் இருந்த பழைய கார் கொட்டகை அவர்களுக்கு அலுவலகமாகக் கிடைத்தது. நடைபாதைப் பெண்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், குழந்தையைத் தூங்கவைக்கலாம், பேசலாம். பம்பாயின் நடைபாதைப் பெண்ணுக்கு நான்கு சுவருக்குள் யாரும் விரட்டாத ஓர் இடம் என்பதே புதுமை.

தீர்ப்பு வந்ததும் அந்தக் கொட்டகையில் எழுந்த கேள்வி ஒன்றுதான். அக்டோபர் 31-க்குப் பிறகு என்ன?

நகரத்தின் போராட்ட அமைப்புகளுக்குப் பதில் தயாராக இருந்தது. மறியல், ஊர்வலம், இடிப்பு வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்வது. பெண்கள் தயங்கினார்கள். கைகலப்பு நடந்தால் ஆண்கள் லாக்கப்புக்குப் போவார்கள், சாமான்கள் போய்விடும், கூலி போய்விடும், மறுநாள் சமைக்க வேண்டியது அவர்கள்தான். கோழைத்தனம் என்று அதைச் சொல்ல முடியாது. பலமுறை இடிபட்டவர்களின் அனுபவக் கணக்கு அது.

வேறொன்றும் தெரிந்தது. நீதிமன்றத்தில் நான்கு ஆண்டு வாதம் நடந்தது. தலைப்புச் செய்திகள் வந்தன. ஆனால் நடைபாதையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், யார் அவர்கள் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. அரசிடம் இருந்தது 1976-இன் பழைய கணக்கு. நடைபாதைக்காரர்களில் மிகப் பலர் அதில் இல்லவே இல்லை. கணக்கில் இல்லாதவரை எங்கே குடியமர்த்துவது என்று எந்த அதிகாரியும் யோசிக்க வேண்டியதில்லை.

ஆகவே எண்ணுவது என்று முடிவாயிற்று.

* * *

ஆட்சி செய்வோர்தான் மக்களை எண்ணுவார்கள். வரி போட, ஆள் எடுக்க, சில நேரம் துரத்த. நடைபாதைக்காரர்களுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருபவர் என்றாலே பயம். அடுத்து வருவது வண்டி. 1985 மழைக்காலத்தில் அதே நோட்டுப் புத்தகத்தை அவர்கள் தரப்பே கையில் எடுத்தது என்பதுதான் இந்தக் கதையின் திருப்புமுனை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைவிட இதற்கே கூடுதல் எடை தர வேண்டும்.

ஈ வார்டின் தெருக்களிலும் சில பெரிய சாலைகளின் ஓரங்களிலும் குடிசை குடிசையாகக் கேள்விகள் கேட்கப்பட்டன. எந்த ஊர்? எப்போது வந்தீர்கள்? ஏன்? என்ன வேலை? எவ்வளவு கூலி? வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்? தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? எத்தனை முறை இடிபட்டது?

சுமார் 6,000 குடும்பங்கள், 27,000 பேர் கணக்கில் வந்தார்கள். 1985-இலேயே அறிக்கை வெளியானது. ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

நகரம் நம்பிக்கொண்டிருந்த பலவற்றை அது உடைத்தது. நடைபாதைக்காரர்கள் பிச்சைக்காரர்கள் என்பது பொதுக் கருத்து. கணக்கில் வந்தவர்கள் உழைப்பாளிகள். நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்ற நினைப்புக்கு மாறாக, பத்து, இருபது ஆண்டுகளாக அதே தெருவில் இருந்தவர்களும், அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் நிறைய. நாட்டின் ஏழ்மை மிகுந்த மாவட்டங்களிலிருந்து நிலமில்லாமல், மழையில்லாமல், சில நேரம் கலவரத்துக்குப் பயந்து வந்தவர்கள். பெரும்பாலானோர் வேலைக்கு நடந்தே போனார்கள். பேருந்துக்கோ ரயிலுக்கோ செலவழிக்கக் கூலியில் மிச்சமில்லை.

புள்ளிவிவரம் என்ற அளவில் இதில் எதிர்பாராதது அதிகமில்லை. ஏழைகளோடு பேசிய எவருக்கும் தெரிந்ததுதான். அதன் விளைவு இன்னோர் இடத்தில் தெரிந்தது. தன் தெருவில் தான் மட்டுமே அதிர்ஷ்டமில்லாதவள் என்று நினைத்திருந்த பெண், அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் அதே காரணம், அதே கூலி, அதே இடிப்பு என்று கேட்டாள். தனித்தனி விதி என்று எண்ணியது பொதுவான நிலைமை என்று தெரிந்தபின் பேச்சின் தொனி மாறியது. 6,000 குடும்பங்கள் என்ற எண்ணோடு வார்டு அலுவலகத்துக்குள் நுழைவது, கைகூப்பிக்கொண்டு நுழைவதைப் போன்றதல்ல.

* * *

அக்டோபர் நெருங்கியது.

அந்த மாதங்களில் நடைபாதைப் பெண்கள் கற்றுக்கொண்டவை பெரும்பாலும் சிறிய விஷயங்கள். போலீஸ் நிலையத்துக்குக் கூட்டமாகப் போய், பயமில்லாத ஒரு நாளில், அங்கே யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். ரேஷன் அலுவலகத்தில் எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று விசாரித்தார்கள். நடைபாதையையே முகவரியாகக் காட்டி ரேஷன் கார்டு கேட்டார்கள். விடாமல் கேட்டுப் பெற்றவர்களும் உண்டு. அரிசிக்கான அட்டைதான் அது. ஆனால் அரசு முத்திரையோடு, இன்ன பெயருள்ளவர் இன்ன தெருவில் வாழ்கிறார் என்று சொல்லும் முதல் காகிதமும் அதுவே.

இடிப்பு வண்டியைக் கையாளவும் ஒரு வழி பிறந்தது. வண்டி வரும்போது கல்லெறிவதற்கும் கதறுவதற்கும் பதிலாக, பெண்கள் திரண்டு போய் அதிகாரியிடம் பேசினார்கள். நாங்களே பிரித்துவிடுகிறோம், சாமான்களை எடுத்துப்போகாதீர்கள் என்றார்கள். மாநகராட்சிக்குத் தன் வேலை முடிந்தால் போதும். மூங்கிலும் தார்ப்பாயும் பாத்திரமும் மிஞ்சின. தன் வீட்டைத் தானே பிரிப்பதா என்று இதைக் கண்டு முகம் சுளித்த போராட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மறுநாள் புதுப் பாத்திரம் வாங்கும் செலவு இருக்கவில்லை.

அக்டோபர் 31 கடந்தது. நவம்பர் பிறந்தது. போலீஸ் படையோடு பம்பாயின் நடைபாதைகளைத் துடைத்தெடுக்கும் அந்தப் பேரிடிப்பு நடக்கவில்லை.

காரணம் இதுதான் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். நகரத்தின் கவனம் முழுக்க அந்தத் தேதியின் மேல் இருந்தது. ஆனந்த் பட்வர்தனின் ‘பம்பாய் நமது நகரம்’ ஆவணப்படம் அதே ஆண்டில் வந்து, இடிப்பு என்றால் என்ன என்று நடுத்தர வர்க்கத்துக்குக் காட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கணக்கும் மேசைமேல் இருந்தது. இத்தனை பேரை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதற்கு நிர்வாகத்திடமும் பதில் இல்லை. அரசு எதையும் அறிவிக்காமலே விட்டுவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமான இடிப்புகள் வழக்கம்போலத் தொடர்ந்தன.

நேரடி மோதலால் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1986-இல் தென்பம்பாயின் சஞ்சய் காந்தி நகர் இடிக்கப்பட்டபோது, ஆனந்த் பட்வர்தனும் நடிகை ஷபானா ஆஸ்மியும் குடிசை மக்களோடு உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த மக்களுக்குக் கோரேகாவ் பகுதியில் மாற்று நிலம் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு நடைபாதைக்கும் ஒரு நடிகை கிடைப்பதில்லை.

* * *

வண்டி வராத அந்த நவம்பர், பெண்களைப் புதிய கேள்விக்குத் தள்ளியது. வந்திருந்தால் எதிர்ப்பதா, பிரிப்பதா என்று யோசித்திருப்பார்கள். வராததால், எத்தனை காலம் இப்படி என்று யோசித்தார்கள்.

1986-இல் பைகுல்லாவின் நடைபாதைக் குழுக்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான பெண்கள் சேர்ந்து ‘மஹிளா மிலன்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் ஜோக்கினின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க்கும் கைகோத்தன. இந்தச் சேர்க்கை சுலபமானதல்ல. ஒரு பக்கம் படித்த, நடுத்தர வர்க்கப் பெண்கள். இன்னொரு பக்கம் தெருப் போராட்டத்தில் வளர்ந்த, தொண்டு நிறுவனங்களை நம்பாத மனிதர். பெண்கள் மையத்தில் இல்லாத குடிசைச் சங்கம் நிலைக்காது என்பதில் இருதரப்பும் ஒத்துப்போனார்கள். அது போதுமானதாக இருந்தது.

மஹிளா மிலனின் முதல் கருவி பணம். மிகச் சிறிய பணம். தெருவுக்குத் தெரு ஒரு பெண் தினமும் வீடு வீடாகப் போய் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, கொடுக்க முடிந்ததை வாங்கினாள். எழுத்தறியாத பெண்களுக்குக் கணக்குப் புத்தகம் உதவாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு பை. தொகைக்கேற்ப வெவ்வேறு வண்ணக் காகிதத் துண்டுகள் அதற்குள் போடப்பட்டன. யாருடைய பையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியும், கொடுத்தவளுக்கும் தெரியும்.

அந்தச் சேமிப்பிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல், கணவன் லாக்கப்பில், வேலை இல்லாத வாரம் போன்ற அவசரங்களுக்குச் சிறு கடன் கொடுக்கப்பட்டது. வட்டிக்காரரிடம் போகும் நடை குறைந்தது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் இருந்தது. தினமும் வீடு வீடாகப் போகும் பெண்ணுக்கு யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யாருடைய கணவர் அடிக்கிறார், எந்தக் குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. ஆண்டுக்கொருமுறை தேர்தல் வைக்கும் சங்கத்துக்குக் கிடைக்காத தகவல் இது. வசூலுக்குப் போன பெண்களே தலைவிகளானார்கள்.

இன்னொரு சேமிப்பும் தொடங்கியது. வங்கியில், வீட்டுக்காக என்று தனியாக. தார்ப்பாய்க்குக் கீழே வாழும் பெண்கள் வீட்டுக்குப் பணம் சேர்ப்பதைப் பலரும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். நிலம் எங்கே என்று கேட்டார்கள்.

பெண்களும் அதையே கேட்டார்கள், ஆனால் மாநகராட்சியின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு. வீடிழந்தவர்களின் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. பெண்கள் பேருந்து ஏறி அந்த இடங்களைப் பார்க்கப் போனார்கள். ஏழைகளுக்கு இடமே இல்லை என்று கேட்டுக்கேட்டுப் பழகிய நகரத்தில், ஏழைகளுக்கென ஒதுக்கிய நிலம் காலியாகக் கிடந்தது. சில இடங்களில் வேறு கட்டடங்கள் எழும்பியிருந்தன.

1987 பிறக்கும்போது அவர்களிடம் கணக்கு இருந்தது. கொஞ்சம் பணம் இருந்தது. நிலம் எங்கே என்ற விவரமும் இருந்தது. சட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. குடிசைவாசிகளுக்கான எந்த அரசுத் திட்டமும் நடைபாதைக்காரரைத் தகுதியுள்ளவராக ஏற்கவில்லை.

இந்த நிலையில்தான் மஹிளா மிலன் பெண்கள், தங்களுக்கு வேண்டிய வீட்டைத் தாங்களே வடிவமைக்க உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் வீட்டுக்குள் வாழ்ந்தறியாதவர்கள் வரைந்த அந்த வீடு எப்படி இருந்தது? மாநகராட்சியின் கட்டட விதிகள் அதை ஏன் ஏற்க மறுத்தன? அடுத்த வாரம்.